அறுபத்திரண்டு கிலோ, ஐம்பத்து நான்கு படி

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்காவின் கணவன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியம்தான் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. உடம்பில் தெம்பில்லாத மனிதனால் ஒரே பக்கத்தில் அத்தனை அதட்டல் போட முடியாது. வழக்கமாக "டேய் மச்சான்" என்று தொடங்குகிறவன் இன்று "சமூகத்துக்கு" என்று தொடங்கியிருக்கிறேன். அதிலிருந்தே என் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஒன்றாம் தேதி காரோடு வருகிறேன். அக்காவை என் வீட்டுக்கே அழைத்துப் போகிறேன். என் வீடு தரைத்தளம். மூன்றாவது மாடியில் அவளை அடைத்து வைத்தது போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடைத்து வைத்திருக்கிறேனாம்! முப்பத்து நான்கு வருஷம் ஊரிலுள்ள கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். நான் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் எத்தனை வீட்டு விசேஷங்களில் சிரித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் இந்த எட்டு மாதமும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படித்து முடித்துவிட்டு அப்புறம் காருக்குப் பெட்ரோல் போடுங்கள்.

உங்கள் அக்கா குளியலறையில் விழுந்ததும், இடுப்பெலும்பில் தகடு வைத்ததும் உங்களுக்குத் தெரியும். நாற்காலி விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மாதம் டாக்டரிடம் காட்டப் போக வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், கட்டடச் செயலாளர், நான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு கை நழுவியது. நாற்காலி சாய்ந்தது. சுவர் இருந்ததால் அவள் சுவரில் போய் மோதினாள், இல்லாவிட்டால் படியில் உருண்டிருப்பாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. நழுவியது யார் கை என்று அன்று எல்லோரும் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார்கள். நழுவியது என் கைதான், மச்சான். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். கத்தவில்லை. மேலே கொண்டுவந்து கட்டிலில் விட்டதும், "இனிமே நான் எறங்கலங்க. டாக்டர் வேணும்னா இங்க வரட்டும்" என்றாள். அன்று சாயந்திரம் நீங்கள் போனில் கேட்டீர்கள்: "ஏன் அத்தான், அக்காவ உங்களால பாத்துக்க முடியலையா?" நீங்கள், நாங்கள் என்று எழுதி எனக்குக் கை வலிக்கிறது. இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், கோபம் மட்டும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொள்.

நீ கேட்ட அந்த ஒரு கேள்விக்காக மறுநாளே நான் ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நான்கு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேன். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் தன்னை அத்தனை தடவை பார்ப்பது நல்லதில்லை. அங்கே பயிற்சி கொடுக்கிற பையனை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "எதுக்காக சார் சேர்றீங்க?" என்று கேட்டான். இந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். "என் சம்சாரத்தைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டும்" என்று சொல்ல வேண்டியதுதானே? சுற்றிலும் இருபது இளவட்டங்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்கும்போது அது எப்படி வாயில் வரும்? "சும்மா... உடம்பு கொஞ்சம் நல்லா இருக்கணும்" என்றேன். பழைய பீரோவைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூணு மாசம் குடுங்க சார். வீட்ல உங்கள அடையாளமே தெரியாது" என்றான்.

சொன்னபடி செய்தான், பொய் சொல்லக்கூடாது. திங்கள் மார்பு, செவ்வாய் கை, புதன் தோள், வியாழன் மறுபடி மார்பு. "காலுக்கு எதுவும் இல்லையா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். "காலுக்கு போட்டோல மதிப்பே இல்ல சார். பேன்ட்டுக்குள்ள போயிடும்" என்றான். முப்பத்து நான்கு வருஷ அனுபவத்தில், எத்தனை பளபளப்பான பெட்டி வைத்தாலும் மோட்டாரும் கயிறும் சரியாக இல்லாவிட்டால் லிஃப்ட் நகராது என்று தெரிந்தவன்தான் நான். ஆனாலும் கண்ணாடியில் கை கொஞ்சம் புடைப்பது தெரிந்ததும் புத்தி மழுங்கிவிட்டது. உன் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்து என் சட்டைகளை மார்புப் பக்கம் மூன்று தடவை பிரித்துப் பெரிதாக்கித் தந்தாள். ஒவ்வொரு தடவையும் டேப்பைப் போட்டு அளந்துவிட்டு, "என்னங்க இது, இந்த வயசுல வளர்றீங்க?" என்பாள். எனக்கு உள்ளூர ஒரே குஷி.

முட்டைக் கதையை உன்னிடம் சொல்லாமல் விட முடியாது. தினம் ஆறு முட்டை சாப்பிட வேண்டும், வெள்ளைக்கரு மட்டும் என்றான் மாஸ்டர். ஆறு மஞ்சள் கருவைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. எலும்பு ஒட்டுவதற்கு நல்லது என்று நானே முடிவுசெய்து உன் அக்காவிடம் கொடுத்தேன். வெள்ளை எனக்கு, மஞ்சள் அவளுக்கு. அவளும் நான் ஆசையாகக் கொடுக்கிறேன் என்று மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டாள். இப்படி மூன்று மாதம். அப்புறம் எடை மிஷினில் நிற்கவைத்துப் பார்த்தால், ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் அறுபத்திரண்டு! யாரைத் தூக்குவதற்காக நான் தினம் செத்துச் செத்து டம்பெல் தூக்கினேனோ அந்த ஆளை நானே நாலு கிலோ ஏற்றிவைத்திருக்கிறேன். "நானா கேட்டேன்? நீங்கதான கொண்டுவந்து ஊட்டினீங்க" என்றாள்.

இதற்கிடையில் ஜிம் முதலாளி என்னை வைத்து விளம்பரப் பலகை அடித்துவிட்டார். "வயது 59! வெறும் 90 நாள்!" என்று பெரிய எழுத்து. இடது பக்கம் பழைய நான், வலது பக்கம் புதிய நான். இரண்டு படமும் ஒரே நாளில், ஒரே சுவருக்கு முன்னால் எடுத்தவை. முதல் படத்துக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு சோகமாக நிற்கச் சொன்னார்கள். இரண்டாவதுக்கு எண்ணெய் பூசி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். நடுவில் தொண்ணூறு நாள் என்று போட்டிருந்தாலும் உண்மையில் நடுவில் இருந்தது ஒரு மூச்சுதான். பலகையைப் போனில் படம் பிடித்து உன் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காரு. யாரு இவரு?" என்றாள்.

அந்தக் கிண்டலில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இரு, காட்டுறேன்" என்று அப்படியே அவளை இரண்டு கையிலும் தூக்கிவிட்டேன். தூக்கினேன் மச்சான், அதில் சந்தேகமே வேண்டாம். கூடத்தைத் தாண்டினேன், வாசலைத் தாண்டினேன், படியில் கால் வைத்தேன். முதல் படி, இரண்டாம் படி. மூன்றாம் படியில் தொடை வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. மார்பு இருக்கிறது, கை இருக்கிறது, கால் மட்டும் இல்லை. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு நாலாம் படிக்கு இறங்கி, பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வைத்திருக்கிற செருப்பு ஸ்டாண்டின் மேல் அவளை உட்காரவைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மா வந்து, "கொஞ்சம் நகர்றீங்களாக்கா? என் ஷூ உங்களுக்குக் கீழ இருக்கு. ஆபீசுக்கு லேட்டாகுது" என்றாள். உன் அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னவோ, "இந்த எடம் நல்லாத்தாங்க இருக்கு, காத்து வருது" என்று சொல்லிவிட்டு என் நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அப்புறம் பக்கத்து வீட்டம்மா தோளைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு படியையும் மெல்ல ஏறி வீட்டுக்குள் போய்விட்டாள். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊர் முழுக்கப் பலகையில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆள் நாலாம் படியில் உட்கார்ந்து அழாத குறையாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் கீழேயிருந்து ஒரு பிரிட்ஜ் தானாக ஏறி வருவதுபோலத் தெரிந்தது. பார்த்தால், அதற்கு அடியில் ஒரு மனிதர். வீடு மாற்றிக் கொடுக்கிற தொழில், எல்லோரும் அலமாரி என்று கூப்பிடுகிறார்கள். நல்ல தொப்பை, சூம்பின தோள், மாஸ்டர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முதுகில் அகலமான வாரைப் போட்டு ஆளுயர பிரிட்ஜை ஒண்டியாகச் சுமந்துகொண்டு, "கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்றார். மூச்சு வாங்கவில்லை! திரும்பி இறங்கும்போது மறித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அறுபத்திரண்டு கிலோ. மூணு மாடி எறக்கணும். எப்படிங்க?"

"என்ன ஐட்டம்ணே? வாஷிங் மிஷினா?"

"சம்சாரம்."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "பிரிட்ஜு பயப்படாது, அண்ணி பயப்படுவாங்க. பயந்த ஆளு எடை கூடும்ணே. முதல்ல அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை வரணும். அப்புறம் கையில தூக்காதீங்க, முதுகுல ஏத்துங்க. கை சும்மா பிடிச்சுக்கத்தான். வேலை பூரா காலுக்கு" என்றார். முப்பது வருஷமாகப் பீரோ தூக்குகிற மனிதர், மூன்று மாதம் யாரும் என்னிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "எந்தப் பக்கம்ணே வலி அவங்களுக்கு?"

மறுநாள் மாஸ்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பையன் முகம் செத்துவிட்டது. "இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார். நான் பாட்டுக்கு உங்களுக்கு செஸ்ட் ஏத்திட்டிருந்தேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். தங்கமான பையன், கேட்காதது என் தப்பு, சொல்லாதது என் தப்பு, இரண்டும் என் தப்பு என்று வைத்துக்கொள். அன்றையிலிருந்து காலையில் ஜிம்மில் உட்கார்ந்து எழுவதுதான், வேறு வேலையே இல்லை. சாயந்திரம் அறுபத்திரண்டு கிலோ மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தின் ஐம்பத்து நான்கு படியும் ஏறி இறங்குவேன். மூட்டையில் ஓட்டை. மூன்று நாள் மணல் சிந்தியது தெரியாமல், அடடா உடம்பு தேறிவிட்டது, சுமை இலேசாகத் தெரிகிறதே என்று மகிழ்ந்துபோயிருந்தேன். செயலாளர் வந்து, "படியில கடற்கரையே போட்டுட்டீங்களே சார்" என்றபோதுதான் விஷயம் புரிந்தது. மூட்டையைத் தைத்துக் கொடுத்தது உன் அக்காதான். என்ன மூட்டை, எதற்கு என்று கேட்கவே இல்லை, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் மார்பு வற்றிவிட்டது, வயிறு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சட்டைகளை மறுபடியும் பிடித்துத் தைத்தாகிவிட்டது. பலகையைப் பார்த்துவிட்டுச் சேர வந்தவர்கள், மூலையில் பாரத்தை வைத்துக்கொண்டு தவளை மாதிரி உட்கார்ந்து எழுகிற தொப்பைக்காரனைக் காட்டி, "இவரா அவரு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். முதலாளி பலகையைக் கழற்றிவிட்டார். மாஸ்டர் மட்டும் என் தொடையைத் தட்டிப் பார்த்து, "சார், இது தூண் சார்" என்றான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் இதுதான், நீ சிரிக்காதே.

போன வியாழக்கிழமை, மச்சான். பிசியோதெரபி சொல்லித்தர வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் கேட்டு, இடுப்பு எவ்வளவு மடங்கலாம் என்று தெரிந்துகொண்டு, அலமாரியின் வாரைத் தோளில் போட்டு, உன் அக்காவை முதுகில் ஏற்றினேன். முன்னால் அலமாரி பின்னோக்கி இறங்கினார், பின்னால் மாஸ்டர். ஒரு மாடி இறங்கியாயிற்று. இரண்டாம் மாடித் திருப்பம் வந்ததும் நின்றுவிட்டேன். களைப்பு இல்லை. அந்தச் சுவர், அந்த இடம். உள்ளங்கை வேர்த்துவிட்டது. உன் அக்கா என் காதுக்குப் பக்கத்தில், "நான் கெட்டியாப் பிடிச்சிருக்கேன், நீங்க மெதுவாப் போங்க" என்றாள். போனேன். ஐம்பத்து நான்காவது படி முடிந்து தரையில் கால் பட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், முப்பத்து நான்கு வருஷத்தில் நான் ஓட்டிவிட்ட எந்த லிஃப்டும் அவ்வளவு அசங்காமல் வந்து நின்றதில்லை.

கீழே மருந்துக்கடை பெஞ்சில் உட்காரவைத்தோம். ஆறு மாதம் கழித்துத் தெருவைப் பார்க்கிறாள். மருந்துக்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்து, "அட, மாத்திட்டாங்களா!" என்று ஆச்சரியப்பட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தபால் பெட்டியை நானே திறக்கிறேன் என்று சாவியை வாங்கித் திறந்தாள். உள்ளே இருந்தது உன் கடிதம். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். திரும்ப ஏறும்போது மூன்று இடத்தில் நின்றேன், அலமாரி பின்னாலிருந்து கொஞ்சம் தாங்கினார், அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆகவே, நான் சொல்ல வந்தது இதுதான். என்னால் பார்த்துக்கொள்ள முடியும். பலகையில் நின்ற அந்த ஆளால் முடியாது, தொப்பையோடு உட்கார்ந்து இதை எழுதுகிற என்னால் முடியும். அவள் உன்னோடு வருவதாகச் சொன்னால் நான் தடுக்க மாட்டேன், அவள் உனக்கு அக்கா, நான் நடுவில் வந்தவன். ஆனால் அவள் இல்லாத வீட்டுக்கு நான் ஐம்பத்து நான்கு படி எதற்கு ஏற வேண்டும் என்று மட்டும் யோசித்துப் பார். அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் இரண்டு பேரும் நூறு வயது நோய்நொடியில்லாமல், முக்கியமாகக் கால் வலுவோடு, இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கோபம் பாதி தீர்ந்த உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுவது. கவரை ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டு அத்தான் ஜிம்முக்குப் போயிருக்கிறார். வர எட்டு மணி ஆகும், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் படி இறங்கத் தெரியும். ஏறவும் தெரியும். அன்றைக்கு என்னைச் செருப்பு ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு இவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாரே, அந்த நாலு படி ஏறும்போதுதான் எனக்கே தெரிந்தது, இது நம்மால் முடியும் என்று. பிசியோ பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டேன். டாக்டரிடம் பேசிவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை, ஏறும்போது நல்ல காலை முதலில் வை, கைப்பிடியை விடாதே, அவ்வளவுதான். இவர் ஜிம்முக்குக் கிளம்பினதும் பக்கத்து வீட்டம்மாவோடு தினம் ஒன்பது படி, பதினெட்டு படி என்று பழகி, இருபது நாளாகக் கீழே வரை போய் வருகிறேன். பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துவிட்டு இவர் வருவதற்குள் ஏறிவிடுவேன். பெயர்ப்பலகை மாற்றும்போது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், எழுத்துக்கு என்ன நிறம் போடலாம் என்று மருந்துக்கடைக்காரர் என்னைத்தான் கேட்டார். வியாழக்கிழமை ஆச்சரியப்படுவதுபோல நடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கட்டடத்தில் இவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நாற்காலி சாய்ந்த அன்று இவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறார். அதற்கப்புறம் ஒரு டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் என்னிடம் கொடுத்தார். நான் இன்றைக்கு நடந்து காட்டிவிட்டால் அந்தக் கை நழுவின கையாகவே நின்றுபோகும். அதனால் இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னைத் தூக்கட்டும். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இவர் என்னைத் தூக்கினது இப்போதுதான், எனக்கும் ஒன்றும் கசக்கவில்லை.

நான் எங்கேயும் வரவில்லை. நீ வா, நாலு நாள் இருந்துவிட்டுப் போ. காரைக் கொண்டுவராதே, பஸ்ஸில் வா. காரைப் பார்த்தால் இவருக்குக் கால் நடுங்கும். கீழே வந்து நின்று குரல் கொடு, இவர் என்னை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கி வருவார். கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தாமல் நின்று காத்திரு.